அலமாரியும் சாவியும்



வீட்டின் பின்கட்டிலோ, முன்பு மாட்டுக்கொட்டிலாயிருந்த இடத்திலோ ஒரு சிறு பட்டறை வைத்துக்கொள்ளும் ஆசை உங்களுக்கு இருக்கலாம். நல்ல ஆசைதான். வேலைமேசை ஒன்று போட்டாயிற்றென்றால், அடுத்து வேண்டியது ஆயுதங்களை வைக்க ஓர் அலமாரி. அதைச் செய்யும் விதம் பற்றிச் சிறிது சொல்லிவிட்டு, அதற்குப் பூட்டுப் போடலாமா என்னும் கேள்வியை உங்கள்முன் வைக்க விரும்புகிறோம். முந்தியது ஆசாரியின் காரியம். பிந்தியது மனச்சாட்சியின் காரியம்.

அலமாரிக்குச் சத்துருக்கள் இரண்டு: கரையான், ஈரம். ஆகையால் அடிப்பலகையைத் தரையில் படியவிடாமல், நான்கு கால் கொடுத்து அரை அடியாவது உயர்த்த வேண்டும். முதுகுப்பலகைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். தேக்கென்று சொல்லி விற்பதையெல்லாம் நம்பிவிடாதீர்கள். வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் எளிதில் தீண்டாது. அதே தேக்கின் வெளிறுப் பகுதியை நன்றாகவே தின்னும். தட்டுகளுக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். ஆனால் மூன்றடிக்கு மேல் நடுவில் தாங்கலின்றி ஓடவிட்டால், பாரத்தில் தொய்ந்துபோகும். கனமானவை கீழ்த்தட்டில், இலேசானவை மேலே. கதவின் உட்புறத்தில் உளி, ரம்பம், மூலைமட்டம் ஆகிய ஒவ்வொன்றின் உருவத்தையும் வரைந்து, வண்ணந்தீட்டி, அதன்மேல் ஆணியடித்து மாட்டி வைத்தால், எது இடத்தில் இல்லையென்பதைக் கண் உடனே கண்டுகொள்ளும்.

இனிப் பூட்டுக்கு வருவோம். வாடிப்பட்டியிலிருந்து வடக்கே பெருஞ்சாலையில் போனால் வருவது திண்டுக்கல். அவ்வூர்த் தொழிலாளர் கையாலே செய்யும் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு முதலாகப் பல வகை உண்டு. நல்ல பூட்டுக்கு நாம் அலைய வேண்டியதில்லை. இன்னொரு வேடிக்கை: 'அலமாரி', 'சாவி' ஆகிய இரு சொற்களும் போர்த்துக்கீசரிடமிருந்து நமக்கு வந்தவை. சுவர்மாடமும் பரணும் வைத்துப் பிழைத்த நம் வீடுகளுக்கு அவ்விரண்டும் ஒரே கப்பலில் வந்திறங்கின போலும்! பூட்டும் திறவுகோலும் நாம் முன்பே அறிந்தவைதாம். ஆனாலும் அலமாரி என்றவுடனே சாவி எங்கே என்று கேட்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது.

யாருக்காகப் பூட்டுகிறோம்? குழந்தைகளுக்காக என்றால், தடையேயில்லை. ரம்பப் பற்களும், வார்னிஷும், தின்னரும் இருக்குமிடத்தைத் திறந்துபோடுவது பெரிய அசட்டை. திருடனுக்காக என்றால், அதுவும் சரி. ஆனால் அடுத்த வீட்டுக்காரருக்காக என்றால்? சுவரில் நான்கு துளை போட வேண்டியிருக்கிறது, அண்ணாச்சி, துளைபோடும் இயந்திரத்தைச் சற்றுத் தாருங்கள் என்று அவர் வந்து நிற்கிறார். அது உங்கள் அலமாரியில் வருஷத்தில் பதினொரு மாதம் தூங்குகிறது. ‘சாவி எங்கேயோ வைத்துவிட்டேன்’ என்கிறீர்கள். அவர் தம் கூலியில் சில நாளைச் செலவழித்துத் தமக்கும் ஒன்று வாங்குகிறார். அதுவும் தூங்குகிறது. ஒரு தெருவில் பத்து வீடென்றால் பத்து இயந்திரம், பத்துப் பூட்டு.

பொருளைத் தனக்கென உடைமையாக வைத்து நிர்வகிக்க மனிதனுக்கு உரிமை உண்டென்றும், ஆனால் அதன் உபயோகத்தில் அதைப் பொதுவானதாக எண்ணி, தேவைப்பட்டோருக்குத் தாராளமாய்க் கொடுக்க வேண்டுமென்றும் 13-ஆம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் போதித்தார். அவருக்கு 900 வருஷங்களுக்கு முன்பே கப்பதோக்கியா நாட்டு மேற்றிராணியார் அர்ச். பசீலியார் இதைவிடக் கடுமையாகப் பேசினார். உபயோகமின்றிப் பெட்டியில் கிடக்கும் ஆடை, ஆடையில்லாதவனுக்குரியது என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

இதற்கு ஆட்சேபமுண்டு, அது அற்பமானதன்று. ‘ஆசாரியிடம் போய் இழைப்புளியை இரவல் கேட்பீர்களா?’ என்பீர்கள். கேட்கலாகாது. அது அவர் கைக்குப் பழகிய கருவி; அவருடைய சோறு அதிலிருக்கிறது. மாவரைக்கும் எந்திரக்கல்லை ஈடாக வாங்காதே, அது உயிரையே ஈடு வாங்குவது என்கிறது உபாகமம். நமது 1908-ஆம் ஆண்டுச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவும், கடனுக்காகக் கைவினைஞரின் தொழிற்கருவிகளை ஜப்தி செய்யலாகாது என்கிறது. ஆயினும் இந்த நியாயம் யாருக்குக் காவலென்று கவனியுங்கள். கருவியால் பிழைப்பவருக்கு அது காவல். பொழுதுபோக்குக்காகப் பட்டறை வைத்திருக்கும் நமக்கு அந்தக் காவலில் பங்கில்லை. ஆசாரி தம் உளியைக் கொடுக்க மறுப்பதற்குள்ள காரணம், நாம் மறுப்பதற்கு இல்லை.

அப்படியானால் கேட்டதையெல்லாம் கேட்டபோதெல்லாம் கொடுத்துவிட வேண்டுமோ? அதுவுமில்லை. பெரியாறு பிரதான கால்வாயில் தண்ணீர் வரும் நாளில் எல்லாருக்கும் ஒரே வேளையில் மண்வெட்டி வேண்டும். அன்று உங்கள் வயலுக்கு மடை திறக்க உங்கள் மண்வெட்டி உங்களிடமிருப்பதே முறை. அடுத்தவர் தமக்கென ஒன்று வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். வேளை மாறி மாறிப் பயன்படும் கருவிக்குத்தான் இரவல் பொருந்தும். பழக்கமில்லாதவர் கையில் வட்ட ரம்பத்தைக் கொடுப்பதோ தாராளமன்று, விபத்துக்கு வழி.

இரவல் வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. தீட்டிய உளியை வாங்கிப்போய்ப் பெயின்ட் டப்பாவின் மூடியை நெம்பி, முனை மழுங்கத் திருப்பித் தருகிற புண்ணியவான்கள் எந்த ஊரிலும் உண்டு. கொடுத்தவருக்குக் கோபம் வருவது நியாயமே. ஏதும் சொல்லாமல் சாவியை ஒளித்துவைப்பதைக் காட்டிலும், ‘முனையைத் தீட்டித் தாரும்’ என்று முகத்துக்கு நேரே கேட்பது மேல். அப்படிக் கேட்டால் சிநேகம் பிழைக்கும்.

இதில் யாத்திராகமம் 22-ஆம் அதிகாரத்திலுள்ள ஒரு சட்டம் நமக்கு மிகவும் உதவும். இரவல் வாங்கிய மிருகம் உடையவன் இல்லாத வேளையில் சேதப்பட்டால், வாங்கியவன் ஈடு கொடுக்க வேண்டும். உடையவன் கூடவே இருந்தால் ஈடு வேண்டாம். மிருகத்துக்குச் சொன்னதாயினும், கருவிக்கும் அது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். கருவியோடு நீங்களும் போங்கள். நான்கு துளை போடக் கால்மணி நேரம். எந்தச் சுவருக்கு எந்த ஊசி என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. உளியின் முனை பிழைக்கும், அவர் சுவரும் பிழைக்கும்.

ஆகவே பலகை அறுக்குமுன் ஒரு திருத்தம் செய்துகொள்ளுங்கள். மேல்தட்டுகளுக்குக் கதவும் பூட்டும் இருக்கட்டும். கீழ்த்தட்டுக்குக் கதவு வேண்டாம். உயரம் ஒன்றேகால் அடி விடுங்கள். மிஞ்சின பலகையில் கைப்பிடி வைத்த தூக்குப்பெட்டி ஒன்று செய்து, சுத்தியல், திருப்புளி, குறடு, அளவு நாடா ஆகியவற்றை அதிலிட்டு அங்கே வையுங்கள். யாராவது வந்து கூப்பிட்டால், அதை எடுத்துக்கொண்டு உடனே புறப்படலாம்.