வேல் கொடுத்து அனுப்பிய தாய்

ஓம் சரவணபவ!



சிக்கலில் அம்மா வேல்நெடுங்கண்ணியிடம் வேல் வாங்கிக்கொண்டுதான் நம் முருகன் சூரனோடு போருக்குப் போனார். கந்த சஷ்டியில் அந்த வேல் வாங்கும் நேரத்தில் சிங்காரவேலர் திருமேனியில் வியர்வை அரும்பும் என்பார்கள். எதிரே இருப்பது எவ்வளவு பெரிய ஆபத்துன்னு தாய்க்குத் தெரியாதா? தெரிஞ்சும் அனுப்பினாள். ஆனா வெறுங்கையோட அனுப்பலை.

இதை நினைக்க வைத்தவர் பண்ருட்டியில் எங்கள் தெரு அக்கா ஒருவர். அவர் பையனுக்கு வலிப்பு, மாத்திரை சாப்பிடறான். சைக்கிள் கிடையாது, ஸ்கூல் டூர் கிடையாது. பங்குனி உத்திரத்துக்கு நெய்வேலி வில்லுடையான்பட்டுல பால்குடம் எடுக்கணும்னு அவனுக்கு ஆசை. "கூட்டத்துல விழுந்துட்டா என்ன தம்பி பண்றது?" என்றார் அக்கா.

சரியான சிகிச்சை கிடைத்தால் வலிப்பு உள்ள 100 பேரில் 70 பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனா அம்மாவுக்கு நூறு பிள்ளையா இருக்கு? இருக்கிறது ஒண்ணு. அதனால் அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பயம் எந்த வாசல்ல காவல் நிக்குதுங்கறதுதான் கேள்வி.

பிள்ளை விழறது, நுரை தள்ளறது, நாலு பேர் பார்க்கறது... இதுக்குத்தான் பெரும்பாலும் பயப்படறோம். பெண் பிள்ளைன்னா "நாளைக்கு யார் கட்டிக்குவா?"ன்னு டீச்சர்கிட்ட கூட மறைக்கிறோம். இந்து திருமணச் சட்டத்திலிருந்தே 1999-ல் வலிப்பை எடுத்துட்டாங்க. ஊர் வாயிலிருந்து இன்னும் போகலை. மறைச்சா, ஆபத்து நேரத்துல பக்கத்துல இருக்கறவங்களுக்கு என்ன செய்யணும்னே தெரியாது.

பெரியபுராணத்தில் கொல்லி மழவன் மகளுக்கு முயலகன் என்ற நோய். வலிப்புக்கு அன்று அதுதான் பேர். அவன் அரசன், அரண்மனைக்குள்ளேயே மறைத்திருக்கலாம். ஆனால் எல்லோரும் வந்துபோகும் திருப்பாச்சிலாச்சிராமம் கோயிலில் அவளைக் கொண்டுவந்து கிடத்தினான். அங்கே வந்த திருஞானசம்பந்தர் பதிகம் பாட, நோய் நீங்கியது.

உண்மையான ஆபத்து சத்தமில்லாமல் வரும். விட்டுப்போன ஒரு வேளை மாத்திரை, கெட்டுப்போன தூக்கம், குளத்தில் தனியாகக் குளிப்பது. "விரதம், முருகன் பாத்துக்குவான்"னு மாத்திரையை நிறுத்துவது இதில் ரொம்பக் கொடுமை. மாத்திரை போடுவதால் நம்பிக்கை குறைஞ்சிடாது. தாய் கொடுத்த வேலை முருகனே வேண்டாம்னு சொல்லலையே!

டாக்டர்கிட்ட கேட்டுட்டு பிள்ளையை அனுப்புங்க. விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் கூடப் போகட்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்க. வாயில் எதையும் வைக்காதீங்க, கையில் சாவி, இரும்பு திணிக்காதீங்க. 5 நிமிஷத்துக்கு மேல் நிற்கலைன்னா உடனே ஆஸ்பத்திரி.

பூட்டி வைக்கிறதும் அன்புதான், மறுக்கலை. ஆனால் நாளைக்கு நாம இல்லாத காலத்திலும் பிள்ளை கையில் இருக்கப்போவது நாம கொடுத்த பூட்டு இல்லை, வேல்தான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!