எண்பது காட்டினால் என்ன? தொட்டியைக் கவிழ்க்காதே!

தம்பி, தங்கச்சி, கையை எடு! அந்தத் தொட்டியைக் கவிழ்க்காதே! சோதனைக் குழாயில் சிவப்பு ஏறிவிட்டது. நிற அட்டையோடு ஒப்பிட்டால் நைத்திரேற்று லீற்றருக்கு 80 மில்லிகிராம் என்கிறது. "நெல் விளையிற ஊரில உனக்கு எதுக்குக் கடல் மீன்?" என்று வீட்டில் கேட்டுவிட்டார்கள். கேட்கட்டும். நீ ஊற்றிய உப்புத் தண்ணீருக்குள் உயிர் குடிவந்துவிட்டது என்பதற்கு அந்தச் சிவப்பே சாட்சி.

சாதாரண தர விஞ்ஞானத்தில் படம் கீறிப் புள்ளி வாங்கினாயே, அதே நைதரசன் வட்டம்தான் இப்போது உன் கண்முன்னே ஓடுகிறது. மீன் விடுமுன் பற்றீரியாவுக்குத் தீனியாக நீ போட்ட இறால் அழுகி அமோனியா ஆனது. ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக்கியது. இன்னொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக்கியது. அமோனியா மீனைக் கொன்றுவிடும், நைத்திரைற்றும் ஆபத்து, நைத்திரேற்று அவ்வளவு கொடியதில்லை. ஒரு மில்லிகிராம் அமோனியா முழுதாக மாறினால் ஏறக்குறைய மூன்றரை மில்லிகிராம் நைத்திரேற்று வரும். கணக்குப் போட்டுப் பார்! அந்த எண்பதும் தொட்டிக்குள்ளேயே பிறந்ததென்றால், லீற்றருக்கு இருபது மில்லிகிராமுக்கும் மேலான அமோனியாவை உன் பற்றீரியாக்கள் தின்று தீர்த்திருக்கின்றன. இந்த வேலைக்காரர்களையா மணலோடு சேர்த்து வாளியில் அள்ளிக் கானுக்குள் ஊற்றப் போகிறாய்?

1877இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் ஒரு நீண்ட குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிக் கழிவுநீரை மெல்ல மெல்லச் செலுத்தினார்கள். இருபது நாள் அமோனியா போன மாதிரியே வெளியே வந்தது. அதன் பிறகுதான் நைத்திரேற்று தலைகாட்டியது. குளோரோபோம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. மண் கரைத்த நீர் கொஞ்சம் விட்டதும் மறுபடி தொடங்கியது. அதைச் செய்வது உயிர்கள் என்று உலகம் அப்போதுதான் அறிந்தது. பத்தொன்பதாம் நாள் அவர்கள் குழாயைக் கழற்றி எறிந்திருந்தால்? அதன் பிறகும் பலர் அந்தப் பற்றீரியாவைத் தனியே பிரிக்க முயன்று தோற்றார்கள். சேதனச் சத்து நிறைந்த தீனியில் அதை வளர்க்கப் பார்த்ததே தவறு. 1890இல் வினோகிராட்ஸ்கி அந்தத் தீனியை நிறுத்தினார், வென்றார். உனக்கும் சொல்கிறேன்: இறாலை எடுத்து வெளியே போடு. பொறுமையில்லாமல் அள்ளி அள்ளிப் போட்ட தீனிதான் பெரும்பாலும் அந்த எண்ணை ஏற்றுகிறது.

நெல் ஊர்க்காரன் என்று உன்னைச் சொன்னார்களே, அதையே உன் பலமாக்கு! சவளக்கடை, அன்னமலை, மத்திய முகாம் என்று நம் நாவிதன்வெளி எங்கும் கிடக்கும் வட்டைகள் எல்லாம் நைதரசன் தொழிற்சாலைகள். தண்ணீர் நிற்கும் வயலில் சேற்றின் மேல்தோலில் ஒட்சிசன் இருக்கிறது. அங்கே நைத்திரேற்று உண்டாகிறது. கொஞ்சம் கீழே, ஒட்சிசன் எட்டாத சேற்றில், வேறு பற்றீரியாக்கள் அந்த நைத்திரேற்றின் ஒட்சிசனைப் பறித்துக்கொண்டு நைதரசனை வாயுவாக மேலே அனுப்பிவிடுகின்றன. எறிந்த யூரியாவில் ஒரு பங்கு இப்படித்தான் காற்றோடு போகிறது. உன் வாப்பாவுக்கு, உன் அப்பாவுக்கு நட்டமான அதே வேலை உன் தொட்டியில் இலாபம். ஆழமாகப் பரப்பிய நுண்மணலும் துளை நிறைந்த கல்லும் அந்தச் சேற்றின் வேலையைச் செய்யும். ஆனால் அது நிலைகொள்ள மாதங்கள் எடுக்கும். கல்லுக்காக முருகைக்கல்லைப் பெயர்க்க எண்ணாதே. அது சட்டப்படி குற்றம், கடலுக்குச் செய்யும் துரோகம். சுட்ட மண் ஓட்டுத் துண்டிலும் பற்றீரியா குடியேறும்.

இனி எண்ணைச் சரியாகப் படி. நைத்திரைற்று இன்னும் இருக்கும்போது எடுத்த நைத்திரேற்று அளவை நம்பாதே. வழக்கமான சோதனை மருந்துகள் நைத்திரேற்றை முதலில் நைத்திரைற்றாக மாற்றித்தான் நிறம் காட்டுகின்றன. ஏற்கெனவே இருக்கும் நைத்திரைற்றும் அதோடு சேர்ந்து எண்ணை ஊதிப் பெருக்கிவிடும். இது தெரியாமல் எத்தனை பிள்ளைகள் மனமுடைந்து தொட்டியை விற்றிருப்பார்கள்! பெட்டியில் உள்ள தாளையும் வாசி. சில சோதனைகள் நைத்திரேற்றில் உள்ள நைதரசனை மட்டும் அளக்கின்றன. அந்த எண்ணை 4.4ஆல் பெருக்கினால்தான் நைத்திரேற்று.

அடுத்தது கிணறு. உப்பைக் கரைக்க எடுத்த கிணற்று நீரைத் தனியே சோதித்தாயா? உரமும் மலக்குழியும் கிணற்றில் நைத்திரேற்றைச் சேர்க்கும். யாழ்ப்பாணத்திலும் கற்பிட்டியிலும் ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். நைத்திரேற்றே இல்லாத தண்ணீரால் பாதியை மாற்றினால் 80 நாற்பதாகும், மறுமுறை இருபதாகும். கிணற்றிலேயே 20 இருந்தால் முதல் மாற்றத்தில் 50, அடுத்ததில் 35. எத்தனை தரம் மாற்றினாலும் இருபதுக்குக் கீழே இறங்காது. அங்கே பிழை உன் கையில் இல்லை, வாளியில் இருக்கிறது. கிணறு 50ஐத் தாண்டினால் மீனை விடு, முதலில் வீட்டைப் பார். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை அது. கைக்குழந்தையின் பால்மாவை அந்தத் தண்ணீரில் கரைக்கக் கூடாது.

தண்ணீரை மாற்றினால் பற்றீரியா போய்விடுமோ என்று நடுங்காதே. அது மணலிலும் கல்லிலும் வடிகட்டியிலும் ஒட்டி வாழ்கிறது. வடிகட்டியை மட்டும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதே. கிணற்றை விட்டுக் கல்முனைக் கடலில் நீர் எடுப்பதானால் மழைக்கு முன் எடுத்து, மூடி, இருட்டில் வை. மாரி தொடங்கினால் கரையோர நீர் கலங்கி உப்புக் குறையும். கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளம் பாய்ந்தால் உனக்கும் கடலுக்கும் நடுவே அந்தப் பாதையும் இராது.

"இதெல்லாம் நமக்கு வருமா?" என்று கேட்கிறாயா? லட்சத்தீவின் அகத்தியைப் பார். இந்தியாவின் தேசிய மீன் மரபணு வளப் பணியகம் அங்கே பயிற்சி கொடுத்தது; அந்த முஸ்லிம் தீவின் பெண்கள் அலங்கார இறால்களைத் தொட்டிகளில் வளர்த்து எடுத்தார்கள். நம் கரையில் நடப்பது என்ன? தென்மேற்குப் பருவக்காற்றில் மற்றக் கரைகள் கொந்தளிக்கும்போது அலங்கார மீன் பிடிப்போர் கிழக்கு நோக்கி வருகிறார்கள். நம் கடலின் வண்ண மீன் கொழும்பு வழியாக வெளிநாட்டுக்குப் போகிறது. பிடிப்பவன் ஒருவன், உயிரோடு காக்கத் தெரிந்தவன் வேறொருவன், விலை அந்த இரண்டாமவனுக்கு. அந்த இரண்டாமவன் நாவிதன்வெளியில் ஏன் இருக்கக் கூடாது? சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. உன் அளவுகளை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி எடுத்துக்கொண்டு போய்க் கேள். கேட்க வெட்கப்படாதே!

இன்றே கிணற்று நீரைச் சோதி. அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்டும்வரை ஒரு மீனும் வாங்காதே. இரண்டும் பூச்சியமானதும் பாதித் தண்ணீரை மாற்று, மறுநாள் மீண்டும் அள. நைத்திரேற்று 20க்குக் கீழே வரும்வரை இப்படியே செய். வந்ததும் ஒரே ஒரு சிறிய மீனை விடு, கொஞ்சமாகத் தீனி போடு, கொப்பியில் எழுது.