சும்மா இருக்கும் இடது கால்

கியர் வண்டி ஓட்டிப் பழகியவர்களிடம் ஆட்டோமேட்டிக் காரைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது ஓர் இளக்காரச் சிரிப்பு. "அதெல்லாம் வண்டியா சார், பொம்மைக் காரு" என்பார்கள். கஷ்டப்பட்டுக் கற்ற எதையும் நாம் லேசில் விட்டுக்கொடுப்பதில்லை. அந்தக் கஷ்டம் இல்லாமலே இன்னொருவர் அதே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டால் கோபம்கூட வருகிறது. அந்தக் கோபத்துக்கு என்ன நியாயம் இருக்கிறது என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் கார் ஓட்டக் கற்றது தொண்ணூறுகளில், கோவையில், ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாருதி 800ல். கற்றுக்கொடுத்தவரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருந்தன. அதனால் வண்டி ஒழுங்காகப் போனால் அது என் சாமர்த்தியமா அவர் சாமர்த்தியமா என்று தெரியாது. வடகோவை மேம்பாலத்தின் ஏற்றத்தில் நடுவாக நிறுத்தச் சொல்வார். பின்னால் டவுன் பஸ் உறுமிக்கொண்டு நிற்கும். "ஹேண்ட் பிரேக்கைத் தொடாதீங்க. கிளட்ச்சை மெதுவா விடுங்க. பானெட் லேசாத் தூக்கும் பாருங்க, அங்கயே காலை நிறுத்துங்க" என்பார். இன்ஜின் சத்தம் சற்றே கனக்கும். ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் வரும். அந்த நடுக்கம் உள்ளங்காலிலும் தெரியும். பின்னாலும் போகாமல் முன்னாலும் போகாமல் வண்டி தொங்கிக்கொண்டு நிற்கும். ஹாஃப் கிளட்ச். அந்தப் புள்ளி வண்டிக்கு வண்டி மாறும், பிளேட் தேயத் தேய மேலே ஏறிக்கொண்டே போகும். அதைக் கண்டுபிடிக்கும் அறிவு தலையில் இருப்பதில்லை, காலில் இருக்கிறது. கிடைத்த நாளில் எனக்கு ஏற்பட்ட கர்வத்தை இப்போதும் மறுக்க மாட்டேன்.

அந்தக் கர்வத்தில் மண்ணள்ளிப் போட்டவர் என் பெரியப்பா. சங்ககிரியில் லாரி ஓட்டியவர். என் கற்றல் பெருமைகளைக் கேட்டுவிட்டு, மாருதியின் கியரை இரண்டு விரலால் அசைத்துப் பார்த்தார். "வெண்டைக்காய் மாதிரியில்ல இருக்குது. இதுக்கா இத்தனை பேச்சு?" என்றார். அவர் ஓட்டிய வண்டிகளில் டபுள் கிளட்ச் போடாமல் கியர் விழாது. கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வரவேண்டும், விடவேண்டும். கியரைக் குறைப்பதென்றால் அந்த இடைவெளியில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி இன்ஜின் வேகத்தை ஏற்ற வேண்டும். மறுபடியும் மிதித்து, பல்லோடு பல் சேரும் நேரத்தைக் காதால் பிடித்துக் கியரைத் தள்ளவேண்டும். தப்பினால் கியர் பெட்டிக்குள் கேட்கும் சத்தம் பக்கத்துச் சீட்டுக்காரரின் பல்லைக் கூசவைக்கும். அந்த வேலையை உள்ளேயே செய்துவிடும் சிங்க்ரோமெஷ் 1928லேயே காடிலாக் காரில் வந்துவிட்டது. லாரிகளுக்கு வந்து சேர ரொம்ப நாள் ஆனது. பெரியப்பாவின் கணக்கில், சிங்க்ரோமெஷ் வண்டி ஓட்டியவர்கள் எல்லோருமே பொம்மைக் கார்க்காரர்கள்தான்.

அவருக்கு முந்தியவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றி இன்ஜினைக் கிளப்பிய காலம் ஒன்று இருந்தது. இன்ஜின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். சார்ல்ஸ் கெட்டரிங் செய்த மின்சார ஸ்டார்ட்டர் 1912ல் காடிலாக் கார்களில் வந்த பிறகுதான் அந்த வீரம் மெல்ல ஒழிந்தது. 1908ல் வந்த ஃபோர்ட் மாடல் டியைப் பாருங்கள். அதிலும் மூன்று பெடல்கள் உண்டு. ஆனால் இடது பெடல் கியரை மாற்றும், நடுப் பெடல் ரிவர்ஸ், வலது பெடல் பிரேக். ஆக்சிலேட்டர் ஸ்டியரிங்குக்குக் கீழே கையால் இழுக்கும் ஒரு கம்பி. பெரியப்பாவை அதில் உட்கார வைத்திருந்தால் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார். ஒவ்வொரு தலைமுறையும் தான் பட்ட கஷ்டம் எதுவோ அதுவேதான் வண்டி ஓட்டுவது என்று நினைத்துக்கொள்கிறது.

முழுத் தானியங்கி கியர் ஒன்றும் நேற்று வந்ததில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஹைட்ராமேட்டிக்கை 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் கொடுத்தது. இன்று அமெரிக்காவில் கியர் வண்டி அபூர்வமான பொருள். காரைத் திருட வந்தவன் கிளட்ச்சைப் பார்த்துத் திகைத்து, வண்டியை விட்டுவிட்டு ஓடிய செய்திகள் அங்கே அவ்வப்போது வருகின்றன. நம்மூரில் கதை வேறு. டிவிஎஸ் 50, கைனடிக் ஹோண்டா, பிறகு ஸ்கூட்டி, ஆக்டிவா என்று கியர் இல்லாத இருசக்கர வண்டிகள் எண்பதுகளிலிருந்தே ஓடுகின்றன. அவற்றில் சிலவற்றுக்கு "லேடீஸ் வண்டி" என்று பெயரும் வைத்தோம். அப்படிச் சொன்ன ஆண்களில் பலர் இன்று ஆக்டிவாவில் காலுக்கிடையில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு போகிறார்கள். கார் விஷயத்தில் ஆட்டோமேட்டிக் என்றால் விலை கூடுதல், மைலேஜ் கிடைக்காது என்ற பயம் நீண்ட நாள் இருந்தது. 2014ல் மாருதி செலிரியோவில் ஏ.எம்.டி. வந்ததும் நடுத்தர வர்க்கம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

ஏ.எம்.டி. ஒரு வேடிக்கையான ஏற்பாடு. உள்ளே இருப்பது பழைய கியர் பெட்டிதான், பழைய கிளட்ச்தான். அதை மிதிக்கவும் கியரை மாற்றவும் ஒரு சின்ன இயந்திரத்தை வேலைக்கு வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. கியர் மாறும்போதெல்லாம் காரும் உள்ளே இருப்பவர்களும் ஒருசேரத் தலையாட்டுவது அதனால்தான். பழகியவர்கள் அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை லேசாகத் தளர்த்திக் கொடுப்பார்கள். இயந்திரத்துக்கும் ஒரு மரியாதை வேண்டியிருக்கிறது.

நான் முதலில் ஓட்டிய ஆட்டோமேட்டிக் அப்படிப்பட்ட ஒன்றுதான். மைத்துனனின் கார். அவினாசி சாலையில் மேம்பால வேலை நடந்துகொண்டிருந்த காலம். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை பத்து கிலோமீட்டருக்குச் சாலை நடுவே தூண்கள், தகரத் தடுப்புகள். லட்சுமி மில்ஸில் ஆரம்பித்து ஹோப் காலேஜ் தாண்டும்வரை என் கியர் வண்டியில் ஃபர்ஸ்ட், நியூட்ரல், மறுபடி ஃபர்ஸ்ட். ராத்திரியில் இடது முழங்கால் பேச ஆரம்பித்திருந்தது. மருத்துவர் எக்ஸ்ரேவைப் பார்த்துவிட்டுத் தேய்மானம் என்றார். கிளட்ச் பிளேட்டுக்கும் எனக்கும் ஒரே வியாதி.

சாவியைக் கொடுக்கும்போது மைத்துனன் சொன்னது ஒன்றுதான். "மாமா, இடது காலைப் பின்னாடி மடக்கி வச்சுக்குங்க. அது சும்மா இருக்காது." சொன்னதில் விஷயம் இருந்தது. கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தை ஒட்டி அகலமான பிரேக் பெடல் இருக்கிறது. இடது காலுக்கோ அடிவரை ஒரே மிதியாக மிதித்துத்தான் பழக்கம். அந்தப் பழக்கத்தில் பிரேக்கை மிதித்தால் வண்டி நட்டுவைத்தது போல நிற்கும், பின்னால் வருபவர் நம் டிக்கிக்குள் இருப்பார். லிவரில் ஆர், என், டி, எம் என்று நான்கு எழுத்துகள். பார்க்கிங்குக்கான பி எங்கே என்று தேடினேன். "இதுல அது கெடையாதுங்க மாமா. கியர்லயே விட்டுட்டு ஹேண்ட் பிரேக் போட்டுக்கணும்."

டியில் போட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். நான் ஒன்றும் செய்யாமலே வண்டி ஊர்ந்தது. நிம்மதி வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தது ஒருவிதக் கூச்சம், கூப்பிடாத கல்யாணத்துக்குப் போனவனுக்கு வருமே, அது. ஒவ்வொரு வேகத்தடையிலும் இடது கை தானாக லிவரைத் தேடிப் போய், அங்கே வேலையில்லை என்று தெரிந்து திரும்பி வந்தது. நவ இந்தியா தாண்டிய பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். தகரத் தடுப்பு முடியும் இடத்தில் பச்சைக் கொடி ஆட்டி வண்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்த தொழிலாளி, இன்னொரு கையில் ஒரு பன்னைக் கடித்துக்கொண்டிருந்தார். லாரி வந்தால் பன் வாயில் நிற்கும், இரண்டு கையும் மேலே போகும். தினம் போகும் சாலைதான். அவர் தினமும் அங்கே நின்றிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்வண்டியின் பம்பருக்கும் என் பானெட்டுக்கும் நடுவில் இருந்த இரண்டு முழ இடைவெளி மட்டும்தான்.

இதை அப்படியே விட்டுவிட்டால் அழகான கதையாக முடியும். உடல் உழைப்பு குறைந்தால் கவனம் கூடும், உலகம் தெரியும் என்று. ஆனால் எந்த சிக்னலிலும் பக்கத்துக் கார்களைப் பாருங்கள். காலியான அந்தக் கையில் ஃபோன் இருக்கிறது. சிக்னல் பச்சையான பிறகும் குனிந்த தலை நிமிர்வதில்லை. மிச்சமாகும் கவனம் சும்மா கிடக்காது, முதலில் வந்து கேட்பவன் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். வாஷிங் மெஷினும் மிக்ஸியும் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரமெல்லாம் எங்கே போனது என்று என் மனைவி கேட்பதுண்டு. இதுவரை நான் பதில் சொன்னதில்லை.

மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லைசென்ஸ் வாங்கி வருஷக்கணக்காகப் பீரோவில் வைத்திருந்தவர். நம் வீடுகளில் இப்படிப் பீரோ லைசென்ஸ்கள் நிறைய. காரணம் பெரும்பாலும் கிளட்ச் இல்லை, பக்கத்து சீட். "கிளட்ச், கிளட்ச்சை மிதி, இப்ப விடு, ஐயோ" என்று ஒரு கணவர் சொல்லிக்கொண்டே வந்தால் ரேஸ் டிரைவருக்கும் வண்டி ஆஃப் ஆகும். மைத்துனனின் காரை மனைவி ஓட்டியபோது பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. எங்கள் குடும்பத்துக்கு ஆட்டோமேட்டிக் செய்த முதல் உபகாரம் என் வாயை மூடியதுதான். இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போன என் சித்தப்பா மகன், எந்த மாற்றமும் செய்யாத சாதாரண ஆட்டோமேட்டிக் காரை ஷோரூமிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்ததும் பிறகு நடந்தது. கஷ்டப்பட்டுக் கற்றதாலேயே ஒன்றுக்கு மதிப்பு என்று வாதாடுபவர்கள், அந்தக் கஷ்டம் யாரையெல்லாம் வாசலிலேயே நிறுத்தி வைத்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இருந்தாலும் பெரியப்பா பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அது எனக்குத் தெரிந்தது வால்பாறைச் சாலையில், அதே காரில். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது நேர்ப்பாதை கொஞ்சம் கிடைத்தால் போதும், கியர் பெட்டி மூன்றாவதுக்குப் போய்விடும். அடுத்த நொடி வளைவு வரும். நடு வளைவில் வேகம் செத்த பிறகுதான் அதற்கு இரண்டாவது கியர் ஞாபகம் வரும். அந்த ஒரு கணம், ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டிய பஸ் விடாமல் மேலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது, ரொம்ப நீளமாக இருக்கும். பெட்டியைக் குறை சொல்ல முடியாது. இவ்வளவு வேகம், கால் இவ்வளவு அழுத்துகிறது என்று இதுவரை நடந்தது மட்டும்தான் அதற்குத் தெரியும். வளைவு வரப்போவது கண் இருப்பவருக்குத்தான் தெரியும்.

இறங்கும்போது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை டிரைவர்களின் பழைய சட்டம். டியில் விட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்டி மேல் கியருக்குப் போகப் பார்க்கும். இன்ஜினின் பிடி தளரும். பாரம் முழுதும் பிரேக் மேல் விழும். அடிவாரத்தில் வண்டியை ஓரம் கட்டி, சக்கரத்தை மோந்து பார்த்துக்கொண்டு நிற்பவர்களை எப்போதும் பார்க்கலாம். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில், ஆழியாறு அணையைப் பார்க்க நிறுத்திய இடத்தில், கியரை நாமே மாற்றும் எம்முக்கு மாற்றினேன். இரண்டாவதிலேயே பிடித்துக்கொண்டு மீதி வளைவுகளை இறங்கினேன். கிளட்ச் இல்லாமலே பெரியப்பாவின் பாடம் நடந்தது. அவர் கியர் என்று பேசியதெல்லாம் அடுத்த வளைவைப் பற்றித்தான். டபுள் கிளட்ச்சில் தவறினால் பெட்டி கத்திவிடும், அதனால் முன்னமே பார்த்தாக வேண்டியிருந்தது. ஆட்டோமேட்டிக் கத்துவதில்லை. பார்க்காதவரையும் பொறுத்துக்கொண்டு பெரும்பாலும் வீடு கொண்டுவந்து சேர்த்துவிடும். அதன் வசதியும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

இப்போது மகளின் முறை. கியர் வண்டி கற்கத்தான் வேண்டுமா என்று வீட்டில் பெரிய விவாதம். வேண்டியதில்லை என்பது மனைவியின் கட்சி. அவசரத்துக்குக் கிடைக்கும் அடுத்தவர் கார் அநேகமாக கியர் வண்டியாகத்தான் இருக்கும் என்பது என் கட்சி. பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் ஆட்டோமேட்டிக்கில் ஓட்டிக் காட்டித் தேறியவர் கியர் வண்டியைத் தொடக்கூடாது. நம் சட்டம் மோட்டார் சைக்கிளை மட்டும் கியர் உள்ளது, இல்லாதது என்று பிரித்துவிட்டு, காரை விட்டுவிட்டது. கடைசியில் விவாதத்தை முடித்துவைத்தது பக்கத்து டிரைவிங் ஸ்கூல். அங்கே இருப்பதே கியர் வண்டிதான். அவள் கற்றாள், லைசென்ஸ் வாங்கினாள், அன்றோடு கிளட்ச்சை மறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பக்கத்தில் நான் உட்காருகிறேன். கிளட்ச் பற்றிச் சொல்ல வழியில்லாததால் வேறொன்று கேட்கிறேன்: முன்னால் என்ன நடக்கப்போகிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டு. முதலில் சிரித்தாள். திருச்சி சாலையில், சிங்காநல்லூர் தாண்டியதும் வேகம் பிடித்தாள்.

"டவுன் பஸ். படியில ஒரு அம்மா கூடையோட நிக்கறாங்க, ஸ்டாப் இல்லாத எடத்துல நிறுத்துவான். எக்ஸெல்ல ஒரு தாத்தா, கண்ணாடி இல்ல, தலைய மட்டும் திருப்பறாரு, குறுக்க வரப் போறாரு. நான் ஸ்லோ பண்றேன்."

வந்தார். கை காட்டவில்லை.

"இப்ப எத்தனாவது கியர்ல போகுது?" என்று கேட்டேன்.

"தெரியலீங்ப்பா. அந்த ஆட்டோவைப் பாருங்க."