பார்க்கப்படாத முகச்சுளிப்பு

குர்ஆனின் 80-ஆவது அத்தியாயம், பொருள் தெரிவதற்கு வெகுகாலம் முன்பே எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஓதும் பள்ளியில் கடைசி ஜுஸ்வைத்தான் முதலில் பாடம் செய்விப்பார்கள். சின்னச் சூராக்கள் அதில் இருக்கின்றன என்பதால். 'அபஸ' என்ற அதன் முதல் சொல்லுக்கு முகம் சுளித்தார் என்று அர்த்தம் என்பதும், சுளித்தவர் யார் என்பதும் தெரியவந்தபோது இருபது வயதைத் தாண்டியிருந்தேன். அதன்பின் அந்த அத்தியாயத்தைப் பழைய வேகத்தில் ஓத முடிந்ததில்லை.

சம்பவம் சிறியது. மக்காவில், 622-இல் மதீனாவுக்குப் பெயர்வதற்கு முந்திய காலம். குறைஷித் தலைவர்கள் சிலரிடம் நபிகள் பேசிக்கொண்டிருக்கிறார். உத்பா, அபூ ஜஹ்ல் என்று உரைகள் பெயர் தருகின்றன. பட்டியல் உரைக்கு உரை மாறும். இவர்கள் இணங்கினால் ஊர் இணங்கும். அந்த நேரத்தில் இப்னு உம்மி மக்தூம் என்ற கண் தெரியாதவர், கதீஜாவுக்கு உறவினர், வந்து தனக்குக் கற்றுத் தரும்படி கேட்கிறார். பேச்சின் குறுக்கே திரும்பத் திரும்பக் கேட்கிறார். நபிகளின் முகம் சுளிக்கிறது, திரும்பிக்கொள்கிறார். அவ்வளவுதான். கடிந்து ஒரு வார்த்தை சொன்னதாகக்கூட இல்லை. இதற்காக இறங்கியவை என்று சொல்லப்படும் முதல் பத்து வசனங்கள் அவரைக் கண்டிக்கின்றன. அந்தக் கண்டனத்தை அவரே தம் வாயால் ஓதிக் காட்டவும், பிறர் எழுதிக்கொள்ளவும், தொழுகையில் திரும்ப ஓதவும் வேண்டியிருந்தது.

என்னை உறுத்துவது வேறொன்று. வந்தவருக்குக் கண் தெரியாது. அந்தச் சுளிப்பை அவர் பார்க்கவில்லை. பார்க்காத ஒன்றால் அவர் மனம் நொந்திருக்க முடியாது. பிறருக்கு வலி தருவதே குற்றம் என்று வைத்துக்கொண்டால் இங்கே குற்றம் எதுவும் நடக்கவில்லை. பின் எதற்கு இந்தக் கண்டனம்?

எண்ணம் கெட்டால் போதும், செயல் வேண்டியதில்லை என்ற வழக்கமான பதிலில் எனக்குத் திருப்தி இல்லை. இங்கே எண்ணம் கெட்டதாகவும் இல்லையே. நல்ல காரியத்தின் இடையில் நேர்ந்த எரிச்சல் அது. கொஞ்சம் தள்ளி நின்று அந்தக் கூட்டத்தைப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடுகிறது. சுளிப்பைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த தலைவர்கள் பார்த்தார்கள். யாரை நோக்கிச் சுளிக்கப்பட்டதோ அவருக்குத் தெரியாத அந்த முகக்குறி, அவர்களிடம் ஒரு செய்தியைச் சேர்த்தது. உங்கள் தராதரம்தான் இங்கும் செல்லும், இந்த மனிதர் காத்திருக்கலாம் என்ற செய்தி. எந்த அளவுகோலை உடைக்க வந்த போதனையோ, அதன் நடுவிலேயே அந்த அளவுகோல் ஒரு கணம் ஏற்கப்பட்டுவிட்டது. குருடருக்கு வலித்ததா என்ற கேள்விக்கு இதில் இடமே இல்லை. வசனங்களும் அவருடைய வலியைப் பேசவில்லை. தனக்கு எதுவும் தேவையில்லை என்றிருப்பவன் பக்கம் நீர் முகம் கொடுக்கிறீர், பயபக்தியோடு விரைந்து வந்தவனை விட்டுவிடுகிறீர் என்றுதான் பேசுகின்றன. முகம் எந்தத் திசையில் இருந்தது என்பதே வழக்கு.

மறுப்பு சொல்ல இடம் உண்டு. பேருரை எழுதிய ராஸியே அதைக் கேட்கிறார்: கண் தெரியாவிட்டாலும் அவருக்குக் காது கேட்கும், பேச்சு நடப்பது தெரிந்தும் குறுக்கிட்டவர் அவர், கண்டிப்பதானால் அவரையல்லவா கண்டிக்க வேண்டும்? நியாயமான கேள்வி. இதைவிடக் கனமான இன்னொரு மறுப்பும் உண்டு: ஒருவர் பிறகு கற்றுக்கொள்ளலாம், ஓர் ஊரே திரும்பும் சந்தர்ப்பம் பிறகு வருமா? இந்தக் கணக்கை இகழ எனக்கு மனமில்லை. இயக்கம் நடத்துகிறவர்கள் எல்லோரும் போடும் கணக்கு இது. பலசமயம் போட்டே ஆகவேண்டியதும்கூட.

இதற்கு அத்தியாயம் தரும் பதில், அவர் தூய்மை பெறக்கூடும் என்பது உமக்கு எப்படித் தெரியும் என்ற மாதிரியானது. கணக்குப் போடுகிறவன் பிறர் மனத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரிந்ததாக எண்ணிக்கொண்டுதான் போடுகிறான். உரை சொல்கிறவர்கள் இங்கே சரித்திரத்தைத் துணைக்கு அழைப்பார்கள். உத்பாவும் அபூ ஜஹ்லும் 624-இல் பத்ரில் எதிரணியில் நின்று மாண்டார்கள். இப்னு உம்மி மக்தூமோ முஸ்அப் இப்னு உமைருடன் மதீனாவுக்கு முதலில் போய்ச் சேர்ந்து அங்கே குர்ஆன் கற்பித்தார். கற்றுத் தாருங்கள் என்று வந்தவர் கற்பிப்பவரானார். உண்மை, ஆனால் இந்த நிரூபணத்தை நான் நம்பிச் சாய மாட்டேன். ஒருவேளை அந்தத் தலைவர்கள் இணங்கியிருந்தால்? சுளிப்பு சரியாகிவிடுமா? கண்டனம் பத்ருக்காகக் காத்திருக்கவில்லை. அவன் திருந்தாமற் போனால் அதற்கு நீர் பொறுப்பல்ல என்று மட்டும் சொல்கிறது. பலனைத் தலையில் சுமந்துகொண்டிருந்தவரிடமிருந்து அந்தச் சுமை இறக்கிவைக்கப்படுகிறது. கண்டனத்துக்குள் இருக்கும் ஆறுதல் இது, பலர் கவனிப்பதில்லை.

தமிழில் இந்த முதல் சொல்லுக்கு ஒரு விசேஷ சங்கடம். அரபி வினைமுற்றில் மரியாதை விகுதி கிடையாது. தமிழில் எழுதுகிறவன் சுளித்தானா, சுளித்தாரா என்று முடிவு செய்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க முடியும். ஷியா உரையாசிரியர்களில் பலர், ஷரீஃப் முர்தளாவிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் தபாதபாயீ வரை, சுளித்தவர் நபிகள் அல்ல, வேறொருவர் என்பார்கள். மகத்தான குணமுடையவர் என்று 68-ஆவது அத்தியாயம் கூறும் ஒருவருக்கு இது பொருந்தாது என்பது அவர்கள் வாதம். ஆயிரமாண்டு விவாதத்தைத் தமிழ் ஒரு விகுதியில் தீர்க்கச் சொல்கிறது. நான் 'ஆர்' பக்கம். நபிகளின் மீது எனக்குள்ள மதிப்பினாலேயே அந்தப் பக்கம். யாரோ ஒரு கர்வி முகம் சுளித்தான் என்றால் அது தினசரி நடப்பு. அதற்கு வேதம் வேண்டாம். நல்லவர், நல்ல காரணத்தோடு சுளித்தார் என்பதில்தான் விஷயம் கனக்கிறது. மேலும், முதல் இரண்டு வசனங்களில் படர்க்கையில் இருப்பது மூன்றாவதில் திடீரென்று முன்னிலையாகிறது. முதலில் நேரே பார்த்துச் சொல்லாதது பரிவு என்பார் சிலர். முகம் திருப்பியவரிடம் முகம் திருப்பிக்கொண்டது என்பார் சிலர். இரண்டும் ஒரே கணத்தில் நிகழக்கூடியவை என்றே எனக்குப் படுகிறது. அப்பா கோபித்துக்கொண்ட வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும்.

அத்தியாயத்தின் மிச்சம் இந்தச் சம்பவத்தோடு ஒட்டாதது போலத் தோன்றும். ஒரு துளியிலிருந்து மனிதன், அவன் கல்லறை, பிறகு அவனுடைய உணவு. வானத்திலிருந்து நீர், பிளக்கும் மண், தானியம், திராட்சை, கீரை, ஒலிவம், பேரீச்சை, அடர்ந்த தோப்புகள், கனி, 'அப்ப்'. இந்த 'அப்ப்' என்ன என்று உமர் யோசித்துவிட்டு, இதைத் துருவுவது வீண் சிரமம் என்று தம்மையே கடிந்துகொண்டதாகச் செய்தி உண்டு. மேய்ச்சற்புல் என்பது வழக்கமான பொருள். மனிதனும் அவன் மாடும் ஒரே பட்டியலிலிருந்து தின்கிறார்கள். தலைவர்களைக் குறிக்க வந்த சொல், தனக்குத் தேவை ஏதும் இல்லை என்று இருப்பவன். காலையில் நீ தின்றதைப் பார் என்பது அவனுக்கான பதில். பார்வையுள்ளவனுக்குத்தான் பார் என்ற கட்டளை.

கடைசியில் செவியைப் பிளக்கும் ஓசை. அன்றைக்கு மனிதன் தன் சகோதரனை, தாயை, தந்தையை, மனைவியை, பிள்ளைகளை விட்டு ஓடுகிறான். ஒவ்வொருவருக்கும் தன் பாடே போதும். பிறகு முகங்கள், சில ஒளிர்கின்றன, சிலவற்றில் புழுதி. ஒரு முகம் திரும்பியதில் தொடங்கியது எல்லா முகங்களும் திரும்பி ஓடுவதில் போய் முடிகிறது. மக்காவின் அந்தப் பேச்சில் நடந்தது அன்றைய ஓட்டத்தின் ஓர் அடி என்று இதைப் படிக்கலாம்.

சில நூறு பிரதி அச்சடித்துத் தபாலில் சேர்க்கும் நமக்கு இந்த அத்தியாயம் ஒரு சௌகரியத்தைத் தரும். பெருங்கூட்டம் தலைவர்கள் பக்கம். நாம்தான் வாசலில் நிற்கும் குருடர் என்று நினைத்துக்கொள்ளலாம். நானும் நினைத்ததுண்டு. அது பொய். கவிதை எழுதுகிற நாம் பெரும்பாலும் உள்ளே பேசிக்கொண்டிருப்பவர்கள்.

பிற்காலத்தில் அவரைக் காணும்போதெல்லாம், எவர் பொருட்டு இறைவன் என்னைக் கண்டித்தானோ அவரே வருக என்ற விதமாக நபிகள் வரவேற்றதாகச் சொல்வார்கள். மதீனாவில் பிலாலோடு அவரும் பாங்கு சொன்னார். ரமளானில் பிலால் இரவிருக்கச் சொல்வார்; உண்பதை நிறுத்த இப்னு உம்மி மக்தூமின் குரலுக்குக் காத்திருக்க வேண்டும். விடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால்தான் அவர் பாங்கு சொல்வார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டத்தின் இடைவேளையில், பெயர்பெற்ற விமர்சகர் ஒருவர் என் கட்டுரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியூர்ப் பையன் ஒருவன் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, "சார், ஒரு நிமிஷம்" என்றான். மறுபடியும் "சார்" என்றான். நான் எதுவும் சொல்லவில்லை. திரும்பிக்கொண்டேன். விமர்சகர் தொடர்ந்து பேசினார். தேநீர் ஆறியபின் நான் சுற்றிப் பார்த்தபோது அவன் பஸ்ஸுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவனுக்குக் கண் நன்றாகத் தெரியும்.