ஹவுசிங்கை இறக்காதே, காதைக் கொடு!

தம்பி! நாமக்கல் லாரிப் பட்டறையில் கிரீஸ் படிந்த கையோடு நிற்கிறாயே, உன்னிடம்தான் பேசுகிறேன்.

லாரி வந்து நிற்கிறது. நிற்கிற அந்த நொடியில் அடியில் 'டொக்' என்று ஓர் இடி. ஓனர் முகம் வாடுகிறது. "கிரவுன் பினியன் போச்சு, ஹவுசிங்கை இறக்கு" என்று யாரோ குரல் கொடுக்கிறார்கள். தலையாட்டிவிடாதே! உன் காதையும் கையையும் அடுத்தவர் ஊகத்துக்கு ஏன் அடகு வைக்கிறாய்?

யோசி. பிரேக் பிடிக்கும்போது பின் ஆக்ஸில் முறுக்கிக்கொள்கிறது, ஸ்பிரிங் பட்டைகள் வளைகின்றன. வண்டி நின்றதும் அந்த முறுக்கு விடுபடுகிறது. அப்போது புரொப்பெல்லர் ஷாஃப்ட் இம்மியளவு நீளவோ குறுகவோ வேண்டும். அதற்குத்தான் ஸ்லிப் ஜாயிண்ட். அதன் பல்வரிசையில் கிரீஸ் வற்றினால், நழுவாமல் இறுகி நின்று சட்டென்று விடும். அந்த விடுதல்தான் 'டொக்'! கிரீஸ் கன்னில் தீரக்கூடிய நோய்க்கு ஹவுசிங்கையே அறுவை செய்வதா?

அது ஒன்றே காரணம் என்று நானும் அடித்துச் சொல்லமாட்டேன். நீயே பார். சமதரையில் நிறுத்து, இன்ஜினை அணை, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடு. அதன் பிறகே நியூட்ரல், ஹேண்ட்பிரேக் விடுதல். ஷாஃப்டைப் பிடித்துத் திருகு. யுனிவர்சல் ஜாயிண்டின் கிராஸ் கப்பைச் சுற்றிச் சிவப்பாகத் துருப்பொடி தெரிந்தால், உள்ளே ஊசி பேரிங் காய்ந்து தேய்கிறது. சென்டர் பேரிங் ரப்பர், யூ போல்ட், கியர்பாக்ஸ் மவுண்டிங், எல்லாவற்றையும் தொட்டுப் பார். கிரவுன் பினியன் கடைசி. அதில் கொஞ்சம் ஆட்டம் இருந்தே ஆக வேண்டும். பல்லுக்குப் பல் இடைவெளி இல்லாவிட்டால் ஆயில் நிற்க இடமேது? ஷாஃப்டைக் கழற்ற நேர்ந்தால் முதலில் கோடு போட்டுக்கொள். பல் மாறிப் பூட்டினால் புதிதாக அதிர்வு பிறக்கும்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த கிளாரன்ஸ் ஸ்பைசர், மோட்டார் வண்டிக்கேற்ற யுனிவர்சல் ஜாயிண்டை வடிவமைத்து 1903-ல் காப்புரிமை பெற்றார். பல வண்டிகளைச் சங்கிலி இழுத்த காலம் அது. அந்த இளைஞர் சிந்தித்து உருவாக்கிய ஜாயிண்டின் வழித்தோன்றல்தான் உன் எதிரே தொங்குகிறது. அவர் படைத்தார், அதன் ஆட்டத்தைக் கண்டுபிடிக்க உன்னால் முடியாதா? முடியும்!

விடிந்தால் அந்த லாரி லோடு ஏற்றப் போகிறது. கட்டையை எடு, கிரீஸ் கன்னை எடு, அடியில் இறங்கு!