கடைமடையிலிருந்து கிளம்பு!

பி.ஆர்க். முடித்து, நிலவடிவமைப்பில் (லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்) மேற்படிப்பும் முடித்து, "நம்ம டிகிரியை வெளிநாட்டுல ஒத்துக்க மாட்டாங்களாமே" என்று ஊரில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் தஞ்சைத் தம்பியே, தங்கச்சியே! உனக்காகத்தான் எழுதுகிறேன்.

பாதை கரடுமுரடுதான். அதை மறைக்க மாட்டேன். 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் கட்டடக்கலைஞர்களைத்தான் பதிவு செய்கிறது; லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்டுக்கு நம் நாட்டிலேயே தனிப் பதிவேடு இல்லை. 2005-ல் இந்தியாவும் சிங்கப்பூரும் செய்துகொண்ட பொருளாதார ஒப்பந்தம், ஒருவர் தகுதியை மற்றவர் ஏற்பது பற்றிப் பேச வேண்டிய தொழில்களில் கட்டடக்கலையையும் செவிலியர் பணியையும் சேர்த்தது. செவிலியர் உடன்பாடு கையெழுத்தானது 2018-ல். 13 வருஷம்! அரசுகள் பேசட்டும், பேசத்தான் வேண்டும். அதுவரை உன் இளமையைத் திண்ணையிலா வைத்திருப்பாய்?

வேறு வாசல்களைத் தட்டு. பிரிட்டனின் லேண்ட்ஸ்கேப் இன்ஸ்டிடியூட், வேலை அனுபவத்தை வைத்தும் ஆளை உள்ளே எடுக்கிறது. பட்டயத் தகுதிக்குக் கடைசிப் படி ஒரு வாய்மொழித் தேர்வு. எதிரே உட்கார்ந்திருப்பவர் உன் ஊரைக் கேட்க மாட்டார்; "இந்த இடத்தில் தண்ணீரை ஏன் இப்படித் திருப்பினாய்?" என்று கேட்பார்.

அந்தக் கேள்விக்கு உன்னைவிட வேறு யார் பதில் சொல்ல முடியும்? மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்ந்த காலையில் உன் தாத்தா மண்வெட்டியால் ஒரு கொத்து மண்ணை மடையில் வைப்பதைப் பார்த்திருக்கிறாய். அரை விரல் உயரம் மாறினால் தண்ணீர் எந்த வயலுக்குச் சாயும், எந்த வடிகாலில் இறங்கும் என்று அவருக்குத் தெரியும். தட்டையான பூமியில் தண்ணீரை நடத்துவது சாதாரண வித்தையா? தஞ்சாவூரிலேயே சேவப்ப நாயக்கன் ஏரித் தண்ணீரைச் சுடுமண் குழாய் வழியாகச் சிவகங்கைக் குளத்துக்குக் கொண்டுவந்தவர்கள் நம்மவர்கள்.

கல்லணையைப் பார்த்து ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் அசந்துபோனார். ஆழம் காணாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இந்த நாட்டவர்களிடமே கற்றோம் என்று எழுதிவைத்தார். அந்தப் பாடம்தான் 1852-ல் கோதாவரியில் தவளேஸ்வரம் அணைக்கட்டாக நின்றது. கல்லணை போட்டவர்களிடம் சான்றிதழ் கேட்க ஆளில்லை. உன்னிடம் கேட்கிறார்கள், அதனால் பழம்பெருமை மட்டும் போதாது!

சிங்கப்பூர் பீஷான் பூங்காவைத் தேடிப் படி. அங்கே 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டருக்கு வளைந்து ஓடும் ஆறாக்கி 2012-ல் திறந்தார்கள். கரையைக் கல்லும் செடி வேரும் பிடித்து நிற்கின்றன. வடிவமைத்தது ஜெர்மனியின் ஹெர்பர்ட் டிரைசைட்டல் குழு. ஜெர்மானியரை அவ்வளவு தூரம் அழைத்தது எது? தண்ணீரைப் பற்றி அவர்கள் செய்து காட்டிய வேலை! வெட்டிவேரும் நாணலும் மூங்கிலும் கரையைப் பிடிப்பதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிற நீ ஏன் கூசி நிற்கிறாய்?

உனக்குக் குறை அறிவில் இல்லை, ஏட்டில்தான். தாத்தாவின் கைக்கணக்கை நீ வரைபடமாக்கவில்லை, அவ்வளவுதான். உன் ஊர் வாய்க்காலை எடு. தலைப்பிலிருந்து கடைமடை வரை மட்டம் பார். வாய்க்காலின் குறுக்குவெட்டை வரை. எங்கே தூர்ந்திருக்கிறது, எந்த மதகு பழுது, எந்தக் கரையில் எந்த மரம் என்று குறி. மழைக்கு முன்னும் பின்னும் படம் எடு. பஞ்சாயத்துத் தலைவரிடம் காட்டி ஒரு குளக்கரையையாவது உன் திட்டப்படி சீர் செய். செலவு, நாள், தவறிய இடம் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுது. ஆங்கிலத்திலும் எழுது; தப்பு வந்தால் திருத்திக்கொள்ளலாம். இதுதான் நீ எந்த நாட்டு மேஜையிலும் விரிக்கப்போகிற ஆவணம்.

மட்டம் பார்க்கும் கருவி இல்லையா? கொத்தனாரிடம் ரசமட்டக் குழாய் இருக்கும். நாளைக் காலையே வாங்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கு!