அப்பா வைத்த மரமா இது?

மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில், எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் மாமரம் அப்பா வைத்ததா இல்லையா என்று எனக்கும் அண்ணிக்கும் வழக்கு.

அது ஒட்டு மரம். நாட்டு மாங்கொட்டையில் முளைத்த கன்றின்மேல் ருமானிக் குச்சியை ஒட்டியது. கொட்டையிலிருந்து வரும் மரத்தில் தாய்மரத்துச் சுவையை எதிர்பார்க்க முடியாது என்பதால்தான் இந்த ஏற்பாடு. ஒட்டுக்குக் கீழே துளிர் தலைகாட்டினால் அப்பா கட்டைவிரல் நகத்தால் கிள்ளி எறிவார். விட்டால் ருமானியை அமுக்கிவிடும்.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் எங்கள் பக்கம்தான் கரையேறியது. ஒட்டுப் போட்ட இடத்தோடு ருமானி பிய்ந்து விழுந்தது. அடிக்கட்டை துளிர்த்து, இந்தக் கோடையில் காய்த்தது. நார் பல்லில் சிக்கும். புளிப்பு காதுவரை ஏறும். வைகாசியில் அப்பாவின் திதிக்கு அதைத்தான் பறித்து வந்தேன்.

"மாமா வெச்சது ருமானி. இது அவர் கிள்ளிப் போட்டது. இதப் போய் அவருக்கே படைப்பியா?" என்றார் அண்ணி.

மிலிந்த பஞ்ஹா என்னும் பௌத்த நூலில் மாங்காய்த் திருடன் ஒருவன் வருகிறான். நிலையான ஆன்மா இல்லையென்றால் வினைப்பயன் யாரைச் சேரும் என்று கிரேக்க அரசன் மெனாந்தர் கேட்க, துறவி நாகசேனர் அந்தத் திருடனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். மரத்துக்காரர் நட்ட மாங்காய் வேறு, நான் பறித்தது வேறு என்பது அவன் வாதம். செல்லாது, நட்டதிலிருந்து வந்ததைத்தானே பறித்தான்?

ஆனால் அந்தக் கதையில் வருவது கொட்டை மரம். ஒட்டு மரத்தில் வம்சம் இரண்டு. உடம்பு மாறினாலும் உயிர் அதுவே என்னும் சைவ சித்தாந்தியும் இங்கே எந்தப் பாதியைக் காட்டுவார்?

நான் தண்ணீரைப் பிடித்துக்கொண்டேன். அப்பா குடம் குடமாக ஊற்றியதைக் குடித்தது இந்த வேர்தான். ஆசைப்பட்டு வளர்த்தது மட்டும்தான் நம்முடையது என்றால், பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்பன் இல்லை.

காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்துக்கு நான்கு கிளை, நான்கு சுவை, அவையே நான்கு வேதம் என்பார்கள். அதில் எது அசல் என்று எந்தப் பக்தரும் கேட்டதாகத் தெரியவில்லை. (ஒட்டுக் கட்டுகிறவரிடம் சொன்னால், எட்டுச் சுவை வேண்டுமா என்பார்.)

வெல்லம் போட்டுப் பச்சடியாக்கிப் படைத்தேன். பிறகு சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணி அதை மட்டும் தொடவில்லை. ஆவணியில் ஒரு கிளையில் ருமானி ஒட்டச் சொல்லியிருக்கிறேன் என்றேன்.

"அது மட்டும் மாமா வெச்சதா?" என்றார்.